பிரேக்கருக்குத் தெரியாத சூடு
பேனல்ல கேபிள் கருகினா உடனே 'ஓவர்லோட்'னு சொல்லிடுவோம். பல நேரம் காரணம் லூஸ் கனெக்‌ஷன்தான். கணக்கு போட்டுப் பாருங்க: லூஸான இடத்தில் மின்தடை 10 மில்லிஓம், ஓடும் கரண்ட் 100 ஆம்பியர். ஐ ஸ்கொயர் ஆர்படி 100 வாட் சூடு, ஒரே போல்ட்டின் அடியில்! கரண்ட் கூடாததால் பிரேக்கரும் ட்ரிப் ஆகாது.

கேபிள் சைஸுக்கேற்ற லக்கை, அதற்கான டையில் க்ரிம்ப் பண்ணணும். போல்ட்டை டார்க் ரெஞ்சால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, மார்க்கரில் ஒரு கோடு போடணும். நட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கேபிளின் எடையையும் இழுவையையும் கிளாண்டும் கிளாம்ப்பும் தாங்கணும். லக் தாங்கக் கூடாது.

இன்டர்ன்ஷிப்ல பேனலைத் திறக்கும்போது, சப்ளையை ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, டெஸ்ட் பண்ணிட்டு, முதல்ல அந்தக் கோட்டைத் தேடுங்க.