சாயக்குண்டு துப்பாக்கிக்கு எந்த 'பார்ட்' மாற்றலாம்?
காசைக் கரியாக்காமல் தப்பிக்க வழி!

சுட்டால் ரத்தம் வராது. சாயம்தான் வரும்! அதுதான் "பெயிண்ட்பால்" துப்பாக்கி.

அமெரிக்காவில் இதை வைத்து விளையாடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் வாங்கிய துப்பாக்கியை வாங்கியபடி வைத்திருக்க மாட்டார்கள். "இந்த வால்வை மாற்று, அந்த ரெகுலேட்டரைப் போடு" என்று யாராவது சொன்னால் போதும். மறுநாளே கடைக்கு ஓடுவார்கள்.

கடைசியில் என்ன ஆகும்? துப்பாக்கி வாங்கிய காசைவிட பார்ட் வாங்கிய காசு அதிகமாகிவிடும். துப்பாக்கியோ முன்பைவிட மோசமாகச் சுடும்!

எதை மாற்றுவது? எதை விடுவது? இதோ விவரம்.

மாட்டுக்கு அடையாளம்

இந்தத் துப்பாக்கி விளையாட்டுக்காகப் பிறந்தது அல்ல. வெட்ட வேண்டிய மரத்துக்கும், பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்தில் நின்றபடி சாயப் பொட்டு வைக்கத்தான் வந்தது. "நெல்ஸ்பாட் 007" என்று அதற்குப் பெயர்.

1981-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊர்க் காட்டில் 12 பேர் இந்தத் துப்பாக்கியோடு இறங்கினார்கள். சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகிய 3 பேர் போட்ட திட்டம் அது. கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர் ஜெயித்தவர்.

ஜெயித்தது யார் தெரியுமா? ரிச்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தார்!

அன்று துப்பாக்கியை ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து "லோடு" செய்ய வேண்டும். பிறகு கலிபோர்னியாவைச் சேர்ந்த பட் ஓர் என்பவரின் "ஒர் கேம் பிராடக்ட்ஸ்" கம்பெனி, அந்த வேலையைக் காற்றே செய்யும்படி ஒரு துப்பாக்கி கொண்டு வந்தது. பெயர் "ஆட்டோகாக்கர்". 1990-களில் போட்டி ஆட்டக்காரர்கள் பலரின் கையில் இதுதான். பார்ட் மாற்றும் பைத்தியம் அதிகம் பிடித்ததும் இதில்தான்.

காற்று போகும் வழி

பார்ட் வாங்கும் முன்பு, காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவன்தான் கடைக்காரனிடம் ஏமாறுவான்.

துப்பாக்கியின் பின்னால் ஒரு சிலிண்டர். அதில் அடைத்த காற்றின் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அல்லது 4500 பவுண்டு. கார் டயரில் நாம் அடிப்பது 30 பவுண்டு சுற்றுவட்டம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

சிலிண்டர் வாயில் உள்ள ரெகுலேட்டர் அதைச் சுமார் 800 ஆகக் குறைக்கும். துப்பாக்கியில் உள்ள பெரிய ரெகுலேட்டர் அதையும் 300 சுற்றுவட்டத்துக்குக் கொண்டு வரும். வீட்டு கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் செய்கிற அதே வேலைதான். இந்த 300 பவுண்டு காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது.

அதிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து துப்பாக்கியின் மூக்குப் பகுதிக்குப் போகிறது. அங்கேதான் மூன்று சாமான்கள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, சின்ன ரெகுலேட்டர். "எல்.பி.ஆர்." என்பார்கள். காற்றை 100 பவுண்டுக்கும் கீழே இறக்கும்.

இரண்டாவது, மூவழி வால்வு. விசையோடு ஒரு கம்பியால் இணைந்தது. காற்றை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று திருப்பிவிடும்.

மூன்றாவது, "ராம்". உள்ளே பிஸ்டன் உள்ள சின்னக் குழாய். டவுன் பஸ்சில் "புஸ்" என்று கதவு திறந்து மூடுகிறதே, அதைப்போலத்தான். காற்று ஒரு பக்கம் வந்தால் துப்பாக்கியின் பின்கட்டையைப் பின்னால் தள்ளும். மறுபக்கம் வந்தால் முன்னால் இழுக்கும்.

விசையைப் பாதி அழுத்தினால் சுத்தியல் விழுந்து குண்டு போகும். மீதியையும் அழுத்தினால் மூவழி வால்வு திரும்பும். பின்கட்டை பின்னால் போகும். சுத்தியல் மறுபடி மாட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு உள்ளே விழும். விரலை எடுத்தால் கட்டை முன்னால் வந்து மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள்!

முதலில் எதை மாற்றுவது?

ஒன்றையும் மாற்ற வேண்டாம். முதலில் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

"ஓ-ரிங்" என்று சொல்கிற இந்த வளையம்தான் காற்று கசியாமல் காப்பது. குக்கர் கேஸ்கெட் தேய்ந்தால் விசில் வராது அல்லவா? அதே கதைதான் இங்கும். வளையம் காய்ந்து போனால் காற்று கசியும், கட்டை பாதியில் நிற்கும். புதிய ராம் வாங்க ஓடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது சில்லறைக் காசு வளையமும், அதற்கு உரிய கிரீஸ் கொஞ்சமும்தான்.

மூவழி வால்வின் ஓரத்தில் காற்று "உஸ்" என்று கசிகிறதா? குற்றவாளி வால்வா, ராமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ராமுக்கு இரண்டு ரப்பர் குழாய் போகும். விசையைத் தொடாமல் இருக்கும்போது, அவற்றில் காற்று அடைக்காமல் இருக்கிற குழாயை மட்டும் கழற்றுங்கள். ராம் பக்கத்து முனையில் காற்று வந்தால் பிஸ்டன் வளையம் போச்சு. வால்வு பக்கத்து முனையில் வந்தால் வால்வு வளையம் போச்சு. செலவில்லாத பரிசோதனை இது. இதைச் செய்யாமல் இரண்டையும் வாங்குகிறவர்தான் அதிகம்.

செலவு செய்ய லாயக்கானது

வளையம் சரியாக இருந்தும் துப்பாக்கி படுத்துகிறதா? அப்படியானால் காசு போட வேண்டிய முதல் இடம் எல்.பி.ஆர்.தான்.

காரணம் உண்டு. ராமும் வால்வும் தரகர்கள் மாதிரி. வந்த காற்றை வாங்கிக் கொடுப்பதோடு சரி. எவ்வளவு காற்று என்று தீர்மானிப்பது எல்.பி.ஆர்.! அது ஒரு தடவை அதிகமாகவும், ஒரு தடவை குறைவாகவும் கொடுத்தால் மற்றது எல்லாம் குளறுபடி.

அழுத்தம் அதிகமானால் கட்டை "டமார்" என்று முன்னால் அடிக்கும். பாதி விழுந்த குண்டு நசுங்கி உள்ளே சாயக் குழம்பாகிவிடும். அழுத்தம் குறைந்தால் சுத்தியல் மாட்டாது.

கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்து சுட்டால், முதல் தடவை மட்டும் கட்டை பலமாக அடிக்கிறதா? எல்.பி.ஆருக்குள் அடைப்பு சரியாக மூடாமல், அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று அர்த்தம். சுத்தம் செய்து பாருங்கள். கேட்கவில்லையென்றால் மாற்றிவிட வேண்டியதுதான். பால்மர்ஸ் பர்சூட் கடையின் "ராக்", ஏ.என்.எஸ். கம்பெனியின் "ஜாக்ஹாமர்" என்று இதில் பெயர் வாங்கிய சரக்குகள் உண்டு.

புதியதைப் போட்டதும் திருகை இஷ்டத்துக்குத் திருகக் கூடாது. சுத்தியல் மாட்டாத அளவுக்கு முதலில் குறையுங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள். எப்போது தவறாமல் மாட்டுகிறதோ, அதற்கு மேல் ஒரு கால் சுற்று. போதும்!

ராம் - அவசரம் வேண்டாம்

ராமைக் கழற்றிக் கையில் வையுங்கள். தண்டை இழுத்தால் தடங்கல் இல்லாமல் வர வேண்டும். ஒரு துளையை விரலால் அடைத்துக்கொண்டு, காற்று அமுங்கும் பக்கமாகத் தண்டைத் தள்ளுங்கள். விட்டதும் துள்ளித் திரும்பினால் ராம் நல்ல ராம்தான். தண்டு வளைந்தோ, கீறல் விழுந்தோ இருந்தால் மட்டும் மாற்றலாம்.

"சின்ன ராம் காற்றை மிச்சம் பிடிக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். வாஸ்தவம்தான். ஆனால் பிஸ்டன் சிறுத்தால் தள்ளும் பலமும் குறையும். அதே பலத்துக்கு எல்.பி.ஆர். அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வியாபாரம்!

விசை லேசாக வேண்டுமா?

கொஞ்சமாக அசைந்தாலே திரும்பிவிடும் மூவழி வால்வுகள் உண்டு. போட்டால் விசை லேசாகும், சீக்கிரம் சுடலாம். ஆனால் தப்புக்கு இடம் இருக்காது. விரல் பாதியில் நின்றால் கட்டையும் பாதியில் நிற்கும். குண்டு நசுங்கும். புதிதாக ஆடுகிறவருக்கு இது வேண்டாத விருந்தாளி.

எந்த வால்வைப் போட்டாலும் "டைமிங்" பார்க்காமல் ஆட்டத்துக்குப் போகக் கூடாது. குண்டு போடாமல் விசையை மெல்ல அழுத்துங்கள். முதலில் சுத்தியல் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டை அசைய வேண்டும். மாறி நடந்தால், சுடுகிற காற்று குண்டு வரும் குழாய் வழியாக மேலே பீறிடும். விசையையும் வால்வையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரி செய்தால் தீர்ந்தது.

ராமில் உள்ள காற்றை அங்கேயே வெளியேற்றும் "வேக வால்வு" என்று ஒரு சாமானும் உண்டு. கட்டை சுறுசுறுப்பாகும். ஆனால் இது கடைசியாக வாங்க வேண்டியது. மற்றது சரியில்லாமல் இதைப் போடுவது, பஞ்சர் சைக்கிளுக்குப் புது மணி மாட்டுவது மாதிரி.

வேகம் கூடாது!

பலருக்கும் ஒரு தப்பெண்ணம். மூக்குப் பகுதியில் விலை உயர்ந்த பார்ட் போட்டால் குண்டு வேகமாகப் போகுமாம்! போகாது. குண்டின் வேகம் பெரிய ரெகுலேட்டர், சுத்தியல் ஸ்பிரிங், உள் வால்வு ஆகியவற்றின் சமாசாரம். மூக்குப் பகுதி "லோடு" செய்வதோடு சரி.

வேகத்துக்குச் சட்டதிட்டமும் இருக்கிறது. வினாடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது. பல மைதானங்களில் 280-தான். 300 அடி என்றால் மணிக்குச் சுமார் 330 கிலோ மீட்டர்! சாயக்குண்டு என்று சிரிக்க வேண்டாம். கண்ணில் பட்டால் கண் போய்விடும். பார்ட் மாற்றியதும் வேகமானியில் சுட்டுப் பார்ப்பதும், முகமூடி இல்லாமல் மைதானத்தில் கால் வைக்காமல் இருப்பதும் கட்டாயம்.

உயிருக்கே ஆபத்து

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மலிவு. ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் ஆடும். 0 டிகிரியில் அழுத்தம் 500 பவுண்டு சுற்றுவட்டம். 30 டிகிரியில் 1000-க்கும் மேல்! திரவம் உள்ளே போனால் ரெகுலேட்டரை உறைய வைத்துவிடும். பார்ட் வாங்கும் காசில் காற்று சிலிண்டருக்கு மாறினாலே பாதி நோய் தீரும்.

சிலிண்டர் வால்வை வீட்டில் கழற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சிலிண்டரைக் கழற்றுவதாக நினைத்துத் திருகும்போது, வால்வு துப்பாக்கியோடு நின்றுவிட்டு சிலிண்டர் மட்டும் மரை கழன்று ராக்கெட் மாதிரி பறந்திருக்கிறது. அமெரிக்காவில் இதனால் உயிரே போயிருக்கிறது. வால்வில் ஒரு கோடும், சிலிண்டரில் ஒரு கோடும் நேராகப் போட்டு வையுங்கள். கழற்றும்போது கோடு விலகினால் உடனே நிறுத்தி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

எந்தப் பார்ட்டைத் தொடுவதற்கு முன்பும் சிலிண்டரைப் பிரித்து, ஆள் இல்லாத பக்கம் சுட்டு, மிச்சக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஆட்டோகாக்கரைச் செய்த கம்பெனி கைமாறிப் போய்விட்டது. பழைய பார்ட்களுக்குத்தான் இன்று அலைகிறார்கள். வாங்கும் முன்பு மரை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத மரையில் பலவந்தமாகத் திருகினால் பார்ட்டும் போச்சு, துப்பாக்கியும் போச்சு!

ஆக மொத்தம் வரிசை இதுதான்: முதலில் ரப்பர் வளையம், அடுத்து நல்ல காற்று, பிறகு எல்.பி.ஆர். அதற்கு மேலும் துப்பாக்கி தகராறு செய்தால்தான் மற்ற பார்ட்களுக்காகப் பர்சைத் திறக்க வேண்டும்.