கவிழ்த்த எழுத்துகளில் ஒரு தாய்மொழி

ரோமன் பெரிய எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றைத் தலைகீழாகவும் எழுதினால் லிசு மொழியின் நெடுங்கணக்கு கிடைத்துவிடும். மொத்தம் 40 எழுத்துகள்.

லிசு, லோலோ-பர்மியக் கிளை மொழி. பர்மிய மொழி இதற்குத் தூரத்து உறவு. யி, அகா, லாஹு நெருங்கிய உறவுகள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சால்வீன் ஆறு குடைந்து செல்லும் நூஜியாங் பள்ளத்தாக்குதான் லிசு மக்களின் பெரிய வாழிடம். சீனாவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட லிசு மக்கள் உண்டு. மியான்மரின் கச்சின், ஷான் மாநிலங்களிலும், வடக்குத் தாய்லாந்திலும், நம் அருணாசலப் பிரதேசத்திலும் அவர்களின் ஊர்கள் இருக்கின்றன.

நூறாண்டுகளுக்கு முன்புவரை இம்மொழிக்குப் பரவலான எழுத்து கிடையாது. 1915 வாக்கில் சாரா பா தா என்ற கரேன் இனப் போதகரும், ஜேம்ஸ் பிரேசர் என்ற ஆங்கிலேய மிஷனரியும் இந்த எழுத்தை உருவாக்கினார்கள். அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளே போதும் என்பது இதன் பெரிய வசதி. தமிழில் 'க' என்று எழுதினாலே அகரம் உள்ளடங்குவதைப் போல, இங்கும் மெய்யெழுத்துக்குள் 'ஆ' போன்ற ஓர் ஒலி தானாகவே அடங்கிவிடும். குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் லிசுவில் பொருளே மாறிவிடும். ஆறு வகையான அந்தத் தொனிகளைக் குறிக்கப் புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவையே பயன்படுகின்றன.

லிசுவுக்கு எழுத்து தந்தவர்கள் வெளியார் மட்டுமல்ல. யுன்னானின் வெய்சி பகுதியில் வாங் ரென்போ என்ற லிசு விவசாயி, 1920-களில் அசைக்கு ஒரு குறி என ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளைத் தாமே படைத்தார்.

1950-களில் சீன அரசு வேறொரு ரோமன் எழுத்துமுறையை வகுத்துத் தந்தது. மக்களோ பழகிய பிரேசர் எழுத்தைக் கைவிடவில்லை. 1992-இல் அரசே அதை ஏற்றுக்கொண்டது. 2009-இல் அது யூனிகோடிலும் இடம்பெற்றது.

இந்திய லிசுக்களுக்கு யோபின் என்றும் பெயர். அருணாசலத்தின் சாங்லாங் மாவட்டத்தில், மூன்று பக்கமும் மியான்மர் சூழ்ந்த விஜயநகர் பகுதியில் வசிக்கிறார்கள். மியாவ் என்ற ஊரிலிருந்து அங்கே போக நாம்தபா காட்டின் ஊடாக 157 கிலோமீட்டர் பாதை. மழைக்காலத்தில் அது அடிக்கடி அறுந்துபோகும். பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியே பட்டியலிடுவதில்லை. சில ஆயிரம் பேரே இங்கு பேசும் லிசுவும் அப்படித்தான் கணக்கில் மறைந்துபோகிறது. சீனா ஏற்ற எழுத்தை இங்குள்ள லிசுப் பிள்ளைகளும் பள்ளியில் படிக்க நம் அரசுகள் வழிசெய்ய வேண்டும்.