பாட்டியின் கைநாட்டும் தத்துவ மேதையும்



போன மாதம் முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க என் பாட்டியோடு போனேன். மனுவில் போட்டோ ஒட்டினோம். பேரை நான் எழுதினேன். பாட்டி பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாங்க. பின்னால் நின்ற ஒருத்தர், "கைநாட்டா?" என்று சிரித்தார். பாட்டி ஒண்ணும் பேசாமல் முந்தானையில் விரலைத் துடைச்சிக்கிட்டாங்க.

போட்டோ, பேர், ரேகை மூன்றுமே பாட்டியின் அடையாளங்கள்தானே? அடையாளங்களைப் பற்றிய படிப்புக்குக் குறியியல் என்று பெயர். அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கத் தத்துவ மேதை சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914). அவர் அடையாளங்களை மூன்றாகப் பிரித்தார்.

1. பார்க்க ஒத்திருப்பது: போட்டோ, பட்டுச் சேலையில் நெய்த மயில்.
2. அந்தப் பொருளாலேயே உண்டாவது: நெருப்புக்குப் புகை, தறி ஓடுவதற்குத் தறிச் சத்தம், விரலுக்கு ரேகை.
3. எல்லோரும் ஒப்புக்கொண்டதால் பொருள் தருவது: எழுத்து, சொல். பஸ் போர்டில் 'கூரம்' என்று இருந்தால், படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது நம்ம ஊர்.

இவ்வளவு பெரிய அறிஞருக்கு நிலையான பேராசிரியர் வேலை கிடைக்கவே இல்லை. சுமார் முப்பது வருடம் அரசாங்கக் கடற்கரை அளவைத் துறையில் வேலை பார்த்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1879 முதல் 1884 வரை மட்டும் தர்க்கவியல் நடத்தினார். கடைசிக் காலத்தில் வறுமை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் இறந்த பிறகு, 1931 முதல்தான் அவருடைய எழுத்துகள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன.

அவர் கருத்து தமிழ்க் கிராமத்துக்கும் வந்தது. இலங்கையில் பிறந்த தமிழரான இ. வாலன்டைன் டேனியல் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கி, நம்ம மக்களுக்கு ஊர், வீடு என்றால் என்ன பொருள் என்று பர்ஸின் வழியில் ஆராய்ந்தார். அந்த நூல் 1984இல் வந்தது. பிறகு அவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர் ஆனார்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "போட்டோவில் வேற ஆள் மாதிரி தெரியலாம். பேரை யாரும் எழுதலாம். ரேகை உங்க விரல் பட்டால்தான் வரும் பாட்டி" என்றேன்.

பாட்டி யோசிச்சாங்க. "அப்போ ரெண்டு எனக்கே சொந்தமா இருக்கு. மூணாவதையும் கத்துக்குடு" என்றாங்க.

இப்போது தினமும் ராத்திரி சிலேட்டில் எழுதுறோம். முதல் எழுத்து வந்துவிட்டது.

நண்பர்களே, கைநாட்டு வைப்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி