பார்கோடு வியாபாரி செய்யும் விமானம்

தெரியாத தொழிலில் கால் வைக்காதே என்று நம் கடைவீதிப் பெரியவர்கள் சொல்வார்கள். தெரியாத தொழிலில்தான் இறங்கினார், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு இறங்கினார் என்று சொல்லத்தக்க ஓர் அமெரிக்கரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அவர் பெயர் பிளேக் ஷோல். கம்ப்யூட்டர் துறைக்காரர். அமேசானில் வேலை பார்த்தவர். பிறகு, கடைச் சரக்கின் பார்கோடை செல்போனில் படித்து விவரம் காட்டும் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றை நடத்தினார். 2012-ல் அதை குரூப்பான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2014-ல், ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் செய்ய ‘பூம்’ நிறுவனத்தைத் தொடங்கினார். விமானம் கட்டிய அனுபவம் இல்லாததால் பாடநூல்களை வைத்துத் தாமே படித்தார்.

இதே சரக்கை விற்ற பழைய கடை ‘கான்கார்டு’. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றியது. சுமார் 100 இருக்கைகள். எரிபொருள் செலவோ மிக அதிகம். டிக்கெட் விலை ஏறியது, இருக்கைகள் காலியாயின. 2000-ல் பாரீஸ் அருகே நடந்த விபத்து மேலும் ஓர் அடி. ஆக, அது பறக்கத் தெரியாமல் நின்றதல்ல, கட்டுப்படியாகாமல் நின்றது. அதனால் ஷோல் 60 முதல் 80 இருக்கைகளும், பிசினஸ் வகுப்புக் கட்டணமும் போதும் என்று திட்டமிட்டார்.

2021-ல் யுனைடெட் 15 விமானங்களுக்கும், 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 20 விமானங்களுக்கும் ஆர்டர் தந்தன. அதே 2022-ல் இன்ஜின் தருவதாக இருந்த ரோல்ஸ்ராய்ஸ் விலகிக்கொண்டது. ‘இன்ஜினையும் நாமே செய்வோம்’ என்று பூம் இறங்கியது. 2025 ஜனவரி 28-ல் அதன் சிறிய சோதனை விமானம், கலிபோர்னியாவின் மொஹாவி பகுதி வானில் ஒலி வேகத்தைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில், அந்த இன்ஜின் நுட்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் டர்பைன்களை விற்கவும் ஒப்பந்தம் போட்டது.

இத்தனைக்கும் பயணிகள் விமானம் இன்னும் வானில் ஏறவில்லை. ஆர்டர் வேறு, கல்லாவில் விழும் பணம் வேறு என்பதை நாம் அறிவோம். இவர் ஜெயிப்பாரா என்பதைக் காலம்தான் சொல்லும். ஆனால் மாதிரிச் சரக்கை முதலில் காட்டியதும், பெரிய சரக்கு வரும்வரை செலவுக்குப் பக்க வியாபாரம் தேடியதும் நமக்கும் பொருந்தும்.

புதிய வியாபாரத்தில் இறங்க எண்ணும் வணிகப் பெருமக்கள், அதே வியாபாரத்தில் முன்பு கடையை மூடியவரின் கணக்கை முதலில் விசாரித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.