கைவிடப்பட்ட இருப்புப்பாதையில் ஒரு புதையல் வேட்டை

பூட்டு இல்லை, காவலாளி இல்லை. பாதையோரத்து மரத்தின் வேர்களுக்கிடையே ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. தேடி வந்தவர் அதைத் திறக்கிறார். உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதுகிறார். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். அடுத்து வரப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அந்த அறிமுகமற்றவருக்காகப் பெட்டி பத்திரமாகக் காத்திருக்கிறது. ‘ஜியோகேச்சிங்’ எனப்படும் இந்த விளையாட்டில் உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இவ்வாறு மறைத்து வைக்கப்பட்டுள்ளன.

விளையாட்டு பிறந்த கதை

செயற்கைக்கோள்களின் உதவியால் இருக்குமிடத்தை அறியும் ஜி.பி.எஸ். முறையை உருவாக்கியது அமெரிக்க ராணுவம். பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்ததால், கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரையில் தவறக்கூடும். 2000 மே மாதம் 2-ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. விளையாட்டு வேகமாகப் பரவியது.

அதன் விதிகள் எளியவை. பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். உணவுப் பொருள் வைக்கலாகாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது. நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற வேண்டும்.

கேட்டி பாதை

இத்தகைய தேடலுக்கு மிகவும் ஏற்ற இடங்களுள் ஒன்று கைவிடப்பட்ட இருப்புப்பாதை. புகைவண்டி செங்குத்தான மேட்டில் ஏறாது. எனவே பாதை அமைத்தவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தார்கள். தண்டவாளம் போன பின்னும் அந்தச் சமன் போகவில்லை. சிறுவரும் முதியவரும் மூச்சிரைக்காமல் அங்கே நடக்கலாம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கேட்டி பாதை இதற்குச் சிறந்த சான்று. மிசௌரி-கான்சாஸ்-டெக்சாஸ் ரயில்வேயை மக்கள் செல்லமாக ‘கேட்டி’ என்றே அழைத்தார்கள். 1986-இல் வெள்ளம் இப்பாதையைச் சேதப்படுத்தியது. அந்த ஆண்டிலேயே நிறுவனம் இப்பகுதியில் வண்டிகளை நிறுத்திவிட்டது. பின்னர் தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பப்பட்டது. 1990-இல் ரோச்போர்ட் என்ற சிற்றூரில் முதற்பகுதி திறக்கப்பட்டது. இன்று இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 240 மைல். பெரும்பகுதி மிசௌரி ஆற்றை ஒட்டியே செல்கிறது. பழைய பாலங்களும், ரோச்போர்ட்டில் 243 அடி நீளமுள்ள கற்குகையும், புதுப்பிக்கப்பட்ட சில நிலையங்களும் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக நிற்கின்றன. பெட்டியைத் தேடி வரும் பிள்ளைகள், ‘இங்கே ஏன் இப்படியொரு குகை?’ என்று கேட்பார்கள். விளையாட்டு அங்கே வரலாற்றுப் பாடமாகிவிடுகிறது.

நிலம் யாருக்கு?

ஆனால் இம்மாற்றம் வழக்கின்றி நிகழ்ந்துவிடவில்லை. ரயில் போவதற்கென்று மட்டும் முன்னோர் விட்டுக்கொடுத்த நிலம், ரயில் நின்றதும் தங்களுக்கே திரும்ப வேண்டும் என்று உழவர்கள் வாதாடினார்கள். அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. 1983-இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தமோ வேறு வழி கூறியது: பாதையைத் துண்டு போட வேண்டாம், என்றேனும் மீண்டும் ரயில் தேவைப்படலாம், அதுவரை மக்கள் நடக்கட்டும். வெர்மான்ட் மாநிலத்து வழக்கொன்றில் 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதேவேளை, உரிமை இழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கோரும் வழியையும் அது மூடவில்லை.

ஆகவே அங்கே நடப்பவர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. அவர் கால் பதிக்கும் பாதை, நாளைய ரயிலுக்காகப் பாதுகாக்கப்படும் நிலம். வேலிக்கு அப்பால் இருப்பதோ ஓர் உழவரின் வயல். பெட்டியைத் தேடும் ஆவலில் வேலியைத் தாண்டுவதும், பாலத்துக் கல்லைப் பெயர்ப்பதும் விளையாட்டல்ல.

அமானிதம் என்று நாம் சொல்வோமே, அந்தச் சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா? பெட்டிக்குள் இருப்பது ஒரு பொம்மையோ பென்சிலோதான். விலை சில காசுகள். ஆனால் எவரும் பார்க்காத இடத்தில், பார்த்தறியாத ஒருவருக்காக, எடுத்ததை எடுத்தபடியே வைத்துவிட்டு வரும் பழக்கம் விலை மதிப்பற்றது. புதையல் அதுவே.