கருப்பை நீக்கத்துக்குப் பின்: வெளியே ஆறும் புண், உள்ளே ஆறும் புண்

பேச்சுவழக்கில் கர்ப்பப்பை ஆபரேஷன் எனப்படும் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை, மாதவிடாயில் அளவுமீறி உதிரம் போவது, கருப்பையின் தசைச்சுவரில் உருவாகும் ஃபைப்ராய்டு கட்டிகள், கருப்பை கீழே இறங்கும் அடியிறக்கம், புற்றுநோய் எனப் பல காரணங்களுக்காகச் செய்யப்படுகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த அளவு 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இவற்றுள் தேவையின்றிச் செய்யப்பட்டவை எத்தனை என்னும் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று 2023இல் தீர்ப்பும் வந்தது. அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள். மருத்துவமனையில் கழிவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள்தான் என்பதால், உடல் தேறும் காலம் முழுவதும் வீட்டிலேயே கழிகிறது. அந்த ஆறேழு வாரங்களில் நடப்பவற்றைப் பற்றி வீட்டாருக்கு எடுத்துச் சொல்லப்படுவதோ மிகக் குறைவு.

எது எடுக்கப்பட்டது, எந்த வழியாக எடுக்கப்பட்டது என்னும் இரண்டையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கருப்பையோடு அதன் கீழ்முனையான கருப்பை வாயையும் சேர்த்து அகற்றுவது முழுநீக்கம். கருப்பை வாயை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பது பகுதிநீக்கம். இவற்றுடன் சினைமுட்டையை உருவாக்கும் சூலகங்களும் கருக்குழாய்களும் சில வேளைகளில் எடுக்கப்படுகின்றன. அடிவயிற்றைக் கிழித்துச் செய்வது பழைய முறை. வயிற்றில் தழும்பே இல்லாமல் யோனி வழியாகவே எடுப்பது இன்னொன்று. சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூன்றாவது. எந்த வழியில் செய்தாலும் முழுநீக்கத்தில் யோனியின் மேல்முனை திறந்துகொள்கிறது. அதைத் தையலிட்டு மூடிவிட்டுத்தான் மருத்துவர் வெளியே வருகிறார். அந்த உள்தையலை வீட்டில் எவரும் காண முடியாது. லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவரின் வயிற்றில் அரை அங்குல அளவில் மூன்று நான்கு தழும்புகளே தெரிவதால், நடந்தது சிறிய ஆபரேஷன் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத உள்புண் மூன்று முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

காயம் ஆறும் விதத்தை அறிந்தால், ஆறு வாரம் ஓய்வு என்னும் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். வெட்டுப்பட்ட திசுவில் முதல் சில நாள் வீக்கமும் துப்புரவும் நடக்கின்றன. அதன் பிறகே கொலாஜன் என்னும் புரத இழைகள் படியத் தொடங்கி, அடுத்து வரும் வாரங்களில் ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. முதல் வார முடிவில் புதுத்திசுவின் வலிமை இயல்பான திசுவில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மூன்று மாதம் போல ஆகும்போதுதான் அது 70 முதல் 80 விழுக்காட்டை எட்டுகிறது. வலியோ இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. பெரும்பாலோருக்கு அது இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே வெகுவாகத் தணிந்துவிடுகிறது. பார்த்துக்கொள்ள வந்த தாயோ தமக்கையோ ஊர் திரும்புவதும், அடுக்களை பழையபடி நோயாளியின் கைக்கே வந்து சேர்வதும் அதே வாரங்களில்தான் என்பதால், முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரத்துக்கே கூடுதல் காவல் தேவை.

ஓய்வு என்பதற்குப் படுத்தே கிடப்பது என்று பொருள் கொள்வது தவறு. அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநாள் படுக்கையில் வைத்திருக்கும் பழைய வழக்கத்துக்கு எதிராக, விரைவில் உண்ணவும் நடக்கவும் செய்வதே நலம் என்னும் முறையை 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட் வகுத்தார். இன்று உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுவது அதன் வழிவந்ததே. அசையாமல் கிடக்கும்போது கெண்டைக்கால், தொடை ஆகியவற்றின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். அறுவை சிகிச்சை முடிந்து பல வாரங்கள் வரை இந்த அபாயம் நீடிக்கும் என்பதால்தான், புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை 28 நாள் வரை வீட்டிலும் தொடரச் சொல்வதுண்டு. முதல் வாரத்தில் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நாளுக்கு நான்கைந்து முறை ஐந்து பத்து நிமிடம் நடந்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். படுத்திருக்கும் நேரத்திலும் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது நல்லது. தண்ணீர் குடித்தால் புண் நீர் கோத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சில வீடுகளில் அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுகிறார்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் உறையும் போக்கு கூடுகிறது, சிறுநீர்த் தொற்று எளிதில் வருகிறது, மலமும் இறுகுகிறது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் கெடுதல்களில் இது முதன்மையானது.

படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழும்போது அடிவயிற்றுத் தசைகள் முழு விசையோடு சுருங்குவதால், முழங்கால்களை மடக்கி, உடலை ஒரு பக்கமாக மொத்தமாகத் திருப்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி முழங்கையை ஊன்றி எழுவதே முறை. இருமலும் தும்மலும் வரும்போது ஒரு சிறு தலையணையைத் தையலின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவருக்கு முதல் சில நாள் தோள்பட்டை வலிப்பதுண்டு. வயிற்றை விரிப்பதற்காகச் செலுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பு வழியே வலி தோளில் உணரப்படுகிறது. நடக்க நடக்க அது மறைந்துவிடும். வலி மாத்திரையைப் பொறுத்தவரை, பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு ஆறுக்கு மேல் எந்நிலையிலும் போகக்கூடாது. மருந்துக் கடையில் வாங்கும் பல கூட்டு வலி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருப்பதால், மருத்துவர் எழுதிக் கொடுத்ததற்கு மேல் எதையும் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பு.

மலச்சிக்கல் இந்தக் காலத்தின் பெருந்தொல்லை. மயக்க மருந்து, சிலவகை வலிமருந்துகள், இரும்புச்சத்து மாத்திரை, அசைவின்மை எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்குகின்றன. முக்கும்போது எழும் அழுத்தமோ நேரே உள்தையலின் மேல் இறங்குகிறது. குந்தி அமரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், நடுவே துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கேனும் எடுப்பது, வாங்கிக் குவிக்கும் சத்துமாவு டப்பாக்களைவிடப் பயன் தரும். மலமிளக்கியைத் தேவைப்படும்வரை தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். உணவில் பத்தியம் என்ற பெயரில் விலக்கப்படுபவை பெரும்பாலும் புண் ஆறத் தேவையானவையே. பருப்பு சீழ் வைக்கும், முட்டை புண்ணைக் கிளறும் என்பவற்றுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கொலாஜன் உருவாகப் புரதமும் வைட்டமின் சியும் வேண்டும் என்பதற்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் உதிரப்போக்கால் இரத்தசோகையுற்று அறுவைக்குப் போனவருக்குப் பருப்பு, முட்டை, மீன், கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாமே வேண்டியவை. இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்காமல் இடைவெளி விட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதே தையல் பிரியாமலும் சீழ் பிடிக்காமலும் இருக்க முதல் நிபந்தனை.

ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இந்த எண் துல்லியமான ஆய்வுகளிலிருந்து பிறந்ததன்று, மருத்துவ அனுபவத்திலிருந்து வந்த எச்சரிக்கை. ஆயினும் வீட்டுப் பொருள்களின் எடையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கடினமான நிபந்தனை என்பது தெரியும். நிறைந்த தண்ணீர்க் குடம் பத்துக் கிலோவைத் தாண்டும், கடையில் வாங்கும் தண்ணீர் கேன் 20 கிலோ, 14.2 கிலோ எரிவாயு அடைத்த சமையல் சிலிண்டரின் மொத்த எடை 30 கிலோவை நெருங்கும். நனைந்த போர்வைகள் உள்ள வாளி, கிரைண்டர் கல், மாவு நிறைந்த பாத்திரம், இடுப்பில் ஏறத் துடிக்கும் மூன்று வயதுப் பேரக்குழந்தை ஆகிய அனைத்தும் வரம்புக்கு வெளியே நிற்பவை. எடையைப் போலவே உடலின் நிலையும் முக்கியம்: குனிந்து வாசல் பெருக்குவது, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, துவைக்கும் கல்லில் துணி கும்முவது ஆகியவை எதையும் தூக்காமலேயே வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. அடியிறக்கத்துக்காகக் கருப்பை நீக்கப்பட்டு, தளர்ந்த தசைகளும் சேர்த்துத் தைக்கப்பட்டவருக்கு இந்தத் தடை மூன்று மாதம் வரைகூட நீளலாம். நின்றபடி காய் நறுக்குவது, கொடியில் சிறு துணிகளை உலர்த்துவது, தாளிப்பது போன்றவற்றை இரண்டாம் வாரத்திலிருந்து சிறிது சிறிதாகச் செய்யலாம். ஆகவே, குடத்தை யார் தூக்குவார்கள், மாவை யார் ஆட்டுவார்கள் என்னும் பணிப்பிரிவினை ஆபரேஷன் தேதியைக் குறிக்கும் நாளிலேயே பெயர் சொல்லி முடிவுசெய்யப்பட வேண்டும். பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விடப்படும் வேலை கடைசியில் நோயாளியிடமே வந்து சேர்கிறது.

வெளித்தையல் உள்ளவர் 48 மணி நேரத்துக்குப் பின் தண்ணீர் ஊற்றிக் குளித்து, சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்திக்கொள்ளலாம். மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் காயத்தின் மேல் வேண்டா. யோனி வழியே இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறிது கசிவது சில வாரங்களுக்கு இருக்கலாம்; உள்தையல் கரையும்போது அது ஒரு முறை கூடிக் குறைவதும் உண்டு. இதற்கு வெளியே வைக்கும் நாப்கினையே பயன்படுத்த வேண்டும். யோனிக்குள் எதையும் வைக்கக் கூடாது. உடலுறவைக் குறைந்தது ஆறு வாரமும், மருத்துவர் பரிசோதித்து உள்புண் ஆறிவிட்டது என்று சொல்லும் வரையும் தவிர்க்க வேண்டும். கூச்சம் கருதிப் பெரும்பாலும் கணவரிடம் நேரடியாகச் சொல்லப்படாமலே போகும் அறிவுரை இது. அவசரப்பட்டால் உள்தையல் பிரிந்து, அரிதாகக் குடல்கூட வெளியே இறங்கக்கூடும் என்பதால், வீட்டுக்கு அனுப்பும்போது கணவரையும் உடன் அமர்த்தியே மருத்துவரோ செவிலியரோ இதைக் கூறுவது நலம்.

சில அறிகுறிகள் தோன்றினால் மறுபரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்கலாகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனையுமளவு உதிரப்போக்கு, 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு அல்லது சீழ், துர்நாற்றமுள்ள கசிவு, நிற்காத வாந்தியோடு வயிறு உப்புதல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச் சதையில் வலியும் இருந்தாலும் அப்படியே. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 108 ஆம்புலன்சை அழைப்பதே சரி. அதிகம் அறியப்படாத இன்னொன்று, ஒன்றிரண்டு வாரத்துக்குப் பின் யோனி வழியே இடைவிடாமல் தண்ணீர்போல் கசிவது. அறுவையின்போது சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ நேர்ந்த சேதத்தால் சிறுநீர் வழிமாறி வருவதன் அடையாளமாக அது இருக்கலாம். வெள்ளைப்படுதல் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சூலகங்களும் எடுக்கப்பட்டிருந்தால், இயல்பாகப் பல ஆண்டுகளில் மெல்ல நிகழும் மாதவிடாய் நிறைவு ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. அவை சுரந்த ஈஸ்ட்ரோஜன் சட்டென நின்றுபோவதால் உடலில் அனல் பாய்வதுபோன்ற வெப்பம், இரவில் வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியன சில நாள்களிலேயே தொடங்கலாம். வீட்டில் இதைக் குணக்கோளாறு என்று பெயரிடுவது கொடுமை. இளவயதினருக்கு எலும்புத் தேய்வும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடுவதால், ஈஸ்ட்ரோஜன் மாற்று மருந்து தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சூலகங்கள் விடப்பட்டிருந்தால் மாதவிடாய் மட்டுமே நிற்கும். பொதுவாக 100 கிராம்கூட இல்லாத ஓர் உறுப்பு இருந்த இடத்தைக் குடல் தானே நிரப்பிக்கொள்கிறது. வயிறு காலியாகிவிடும், பலமே போய்விடும் என்னும் அச்சங்களுக்கு இடமில்லை. ஆயினும் சில வாரம் நீடிக்கும் சோர்வும் இனம்புரியாத அழுகையும் மெய்யானவை. இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் தேறாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் காலம் வேலையைப் பொறுத்தது. உட்கார்ந்து செய்யும் பணிக்கு லேப்ராஸ்கோப்பிக்குப் பின் மூன்று நான்கு வாரத்தில் திரும்பலாம். வயல் வேலை, கட்டட வேலை, நாள் முழுவதும் நிற்கும் வேலை ஆகியவற்றுக்கு எட்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். கேரள அரசின் பெண் ஊழியர்களுக்கு இச்சிகிச்சைக்கென்றே 45 நாள் விடுப்பு உண்டு. தினக்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்குப் பொதுவாக அப்படியொரு கணக்கு இல்லை, மிகுதியாகப் பாரம் தூக்குபவரும் அவரே. ஸ்கூட்டர் ஓட்டுவதை, வலியின்றித் திடீர் பிரேக் பிடிக்க முடியும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு வாரம் வரை, தள்ளிவைக்க வேண்டும்.

மறுபரிசோதனைக்குச் செல்லும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, அகற்றப்பட்ட கருப்பையைப் பரிசோதித்த நோய்க்குறியியல் ஆய்வகத்தின் பயாப்ஸி அறிக்கை. எதிர்பாராத புற்றுநோய் அரிதாக அதில்தான் தெரியவரும். அறிக்கை வருவதற்கு ஓரிரு வாரம் ஆவதால், தையல் பிரித்ததோடு நின்றுவிடுபவர்கள் அதைப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். மற்றொன்று டிஸ்சார்ஜ் சம்மரி: சூலகங்களும் கருப்பை வாயும் எடுக்கப்பட்டனவா இல்லையா என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கருப்பை வாய் விடப்பட்டவர், மாதவிடாய் நின்றுவிட்டதே என்று இராமல், கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் ஸ்மியர் பரிசோதனையைப் பிற பெண்களைப் போலவே உரிய இடைவெளியில் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.