அந்நியர் வீட்டுக்கு ஓர் அடையாளம்

2014 ஜூலையில், பயணிகள் தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தன் புதுச் சின்னத்தை வெளியிட்டபோது இணையத்தில் நடந்த கூத்து, லோகோ வரைந்து பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மறக்காது. பத்திரிகையில் அச்சிட முடியாத உடலுறுப்புகளோடெல்லாம் அதை ஒப்பிட்டுக் கேலி செய்தார்கள். ஆட்டோமேஷன் எனிவேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் லோகோவும் ஏறக்குறைய இதே வளைவுதான் என்று இன்னொரு சேதி கிளம்பியது. கடைசியில் லோகோவை மாற்றிக்கொண்டது அந்த நிறுவனம்தான். ஏர்பிஎன்பியின் சின்னம் இன்றும் அதே வடிவில் இருக்கிறது.

அது எப்படித் தாக்குப்பிடித்தது? ஏர்பிஎன்பி என்ன விற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன்பின் தெரியாதவர் வீட்டில் தலைவைத்துப் படுக்கிற தைரியம்தான் அதன் சரக்கு. 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு டிசைன் மாநாடு, ஓட்டல்களில் இடமில்லை. ரவுஷ் தெருவில் குடியிருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெப்பியாவும் வாடகை கட்டத் திணறிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைக் காசுக்குத் தங்க வைத்தார்கள். ஏர்பிஎன்பி பிறந்தது அப்படித்தான். இருவருமே வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள். ஆனாலும் தொழிலைத் தூக்கிவிட்டது லோகோ அல்ல. 2009-ல் நியூயார்க்கில் முன்பதிவு மந்தமாக இருந்தது. வீட்டுக்காரர்கள் போட்டிருந்த படங்கள் இருட்டடித்துக் கிடந்தன. இவர்கள் கேமராவோடு வீடு வீடாகப் போய்த் தாங்களே படமெடுத்துப் போட்டதும் வருமானம் ஏறியது. அந்தப் படங்கள்தான் அவர்களுடைய உண்மையான பிராண்டிங் என்பேன். வெளிச்சமான ஒரு கட்டில் படம் தரும் நம்பிக்கையை எந்தச் சின்னமும் தராது.

சின்னம் வந்தது ஐந்து வருடம் கழித்து. லண்டனைச் சேர்ந்த டிசைன் ஸ்டுடியோ என்ற நிறுவனம் அந்த வேலையை எடுத்தது. தன் ஆட்களை நான்கு கண்டங்களில் 13 நகரங்களுக்கு அனுப்பி, வாடகைக்கு விடுபவர்களின் வீடுகளிலேயே தங்க வைத்தது. பிறகு வந்ததுதான் ‘பெலோ’ என்று பெயரிட்ட அந்தச் சின்னம். மனிதன், இடம், அன்பு, ஏ என்ற எழுத்து என்று அதற்கு நாலு விளக்கம் கொடுத்தார்கள். விளக்கத்தை ஏற்றி விலையைக் கூட்டுவது எங்கள் தொழிலின் பழைய வித்தை, அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒரே கோட்டின் வளைவு அது. சாக்பீஸ் கிடைத்தால் கோலம் போடத் தெரிந்த யாரும் வாசலில் இழுத்துவிடலாம். வாடகைக்கு விடுகிறவர்கள் அவரவர் விருப்பப்படி அதை மாற்றி வரைந்துகொள்ள ஒரு கருவியையும் நிறுவனமே கொடுத்தது. லோகோவைச் சுற்றி இத்தனை மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும், நிறம் துளி மாறக்கூடாது என்று கெடுபிடி செய்யும் உலகத்தில் இது பெரிய விஷயம். வீடுகள் அவர்களுடையவை, சின்னத்திலும் அவர்கள் கை பட்டால்தானே ஒட்டும்?

பழைய நீலத்தை விட்டு, பவளமும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாறினார்கள். அதன் பெயர் ரவுஷ். அந்த முதல் வீடு இருந்த தெருவின் பெயர். ஃபேஸ்புக், ட்விட்டர் என்று போன் திரை நீலமாகக் கிடந்த காலத்தில் அது சட்டென்று கண்ணில் பட்டது.

2018-ல் தங்களுக்கென்று சீரியல் என்ற எழுத்துருவைச் செய்யச் சொல்லி டால்டன் மாக் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் கைக்காசு தீர்ந்தபோது, 2008 அமெரிக்கத் தேர்தலையொட்டி ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் ‘சீரியல்’ எனப்படும் காலையுணவு டப்பாக்களை 40 டாலருக்கு விற்று நிறுவனம் பிழைத்திருந்தது, பெயர் அதிலிருந்து. விளம்பரத் தட்டியிலும் போன் திரையின் பொடி எழுத்திலும் ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலை. பொடி எழுத்தில் என்ன இருக்கும்? விலை, துப்புரவுக் கட்டணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவை. பயண வாடகைச் செயலிக்கு லோகோ கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த ரத்து விதியை எழுதிய தாளைத்தான். பெரும்பாலும் அது இன்னும் எழுதப்பட்டிருக்காது.